பழைய பதிப்புக்கு ஒரு திருத்தமும் கொழும்புத்துறை ஐஸும்

உலகத்தில் எனக்கு வாய்த்த ஒரே அதிகாரம் ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம். அதுவும் சம்பளமில்லாத அதிகாரம். வீட்டில் அது செல்லாது. கொக்குவிலில் எங்கள் மதிலுக்குள்ளே என்ன வரவேண்டும், என்ன போகவேண்டும் என்பதை என் மனைவி தீர்மானிப்பாள். ஆனால் கணினியைத் திறந்துவிட்டால் எந்த நாட்டுக்காரன் எந்த ஆசையோடு வந்தாலும் மரியாதையாக நன்றி சொல்லி, ‘இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். ஐம்பது வயதைத் தொடுகிற மனிதனுக்கு இதைவிடப் பெரிய சுகம் வேறு கிடையாது.

விஷயம் இதுதான். இணையப் பக்கம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அத்திவாரத்திலிருந்து தொடங்காமலிருக்க, அத்திவாரம், தூண், கதவுநிலை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஒரு சட்டகம் உண்டு. பிறேம்வேர்க் என்பார்கள். அப்படிப் பல இருக்கின்றன. அவற்றில் அதிகம் புகழ்பெறாத ஒன்றை நாங்கள் மூன்று பேர் பராமரிக்கிறோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் காசு தரவேண்டியதில்லை; யாரும் தருவதுமில்லை. பிரேசிலில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் புதிய பதிப்பு. அவளை மனதுக்குள் ‘பிரேசில் தங்கச்சி’ என்பேன். ஜேர்மனியில் ஓய்வுபெற்ற ஒரு மனிதருக்கு விளக்கக் குறிப்புகளும் விதிமுறைகளும். அவர் ‘ஜேர்மன் அண்ணை’. எனக்குப் பழைய பதிப்பு. இந்தப் பங்கீடு எப்படி வந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் தந்திருப்பார்கள்.

புதிய வசதி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: “சின்ன விஷயம்தான்.” கலியாண வீட்டில் ஒரு வாய்த் தேத்தண்ணி போதும் என்று வந்து குந்தியவர் மூன்றாம் பந்தியில் எழும்புவதுபோல, அந்தச் சின்ன விஷயம் உள்ளே வந்த பிறகு எழும்பவே எழும்பாது. டிசெம்பர் மாதம் பக்கமெல்லாம் பனி கொட்டவேண்டும் என்று ஒருவர் கேட்டார். பங்குனி வெய்யிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்து அதற்கு ‘இல்லை’ என்று எழுதியபோது உண்மையாகவே உடம்பு குளிர்ந்தது. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குச் சட்டகம் ‘கிட்டத்தட்டச் சரி, இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்’ என்று உற்சாகம் கொடுக்கவேண்டும் என்றார் இன்னொருவர். நல்ல மனம் படைத்தவர். அவருடைய வீட்டுக்குக் கள்ளர் வராமலிருக்கக் கடவது.

என்னுடைய பழைய பதிப்பில் நடக்கும் வேலைக்குப் பாக்போர்ட் என்று பெயர். அண்ணனின் சட்டையைச் சிறிதாக்கித் தம்பிக்குக் கொடுப்பது ஊரெல்லாம் நடக்கிற காரியம். இது மறுவளம். தம்பியின் புதுச்சட்டையில் நல்லதாக ஒரு பொத்தான் கண்டால், அதே மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்து அண்ணனின் பழைய சட்டையிலும் தைத்துவிடுவது. புதிய பதிப்பில் ஒரு பிழையைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைப் பழைய பதிப்பின் அளவுக்கு வெட்டி ஒட்டிச் சேர்ப்பேன். ஆனால் எல்லாத் திருத்தத்தையும் அல்ல. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாற்றம் வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறார்கள். ஆகவே ஒரு சட்டம் போட்டிருந்தேன்: கள்ளன் நுழையும் ஓட்டை என்றால் அடைப்போம், தரவு அழிந்துபோகும் என்றால் திருத்துவோம், பக்கம் முழுதாக விழுந்து போகும் என்றால் தூக்கி நிறுத்துவோம். மற்றபடி கை வைக்கமாட்டோம். இந்தச் சட்டத்தை எழுதியவன் நான். அதை ஒருதரமும் மீறாதவனும் நான். ஒருவரும் பாராட்டாதபடியால் அந்தப் பொறுப்பையும் நானே ஏற்றிருந்தேன்.

இந்த இலட்சணத்தில் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் மச்சாள் போன் எடுத்தா.

மச்சாள் என் மனைவியின் தமக்கை. கொழும்புத்துறையில் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் செயலாளர். குரல் கடலோரக் களப்பின் அக்கரைக்கும் கேட்கும். போன் அவவுக்கு ஒரு சம்பிரதாயம் மட்டுமே. சங்கத்து வள்ளங்கள் இரவில் களப்பில் இறங்கும். என்ன பட்டிருக்கிறது என்று வலையைப் பார்த்த பிறகு, விடியக் கரைக்கு வரும்போது எத்தனை கட்டி ஐஸ் வேண்டும் என்று ஒவ்வொரு வள்ளக்காரரும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் மச்சாளின் போனுக்குச் சொல்வார்கள். ஒரு மனுசி எத்தனை நாளைக்குத்தான் சாமத்தில் எழும்பி இறாலின் கதை கேட்பது? மூன்று வருடத்துக்கு முன்னர், எங்கள் சட்டகத்தின் பழைய பதிப்பை வைத்து ஒரு சின்னப் பக்கம் கட்டிக் கொடுத்தேன். வள்ளத்தில் இருந்தபடியே போனில் பக்கத்தைத் திறந்து, ‘இன்று’, ‘நாளை’ என்பவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து, எத்தனை கட்டி என்று போட்டுப் பொத்தானை அமத்தினால் ஐஸ் லொறிக்காரரின் போனில் பட்டியல் விழும். மச்சாள் நித்திரை கொள்ளலாம்.

“தம்பி, உம்மடை பக்கம் பகிடி விடுது” என்றா மச்சாள்.

“என்ன மச்சாள் நடந்தது?”

“சங்கத்துக்குப் புதுசா வந்த பொடியள் நாலைஞ்சு பேருக்கு ஐஸ் வரேல்லை. ஓடர் போட்டவங்களாம். லொறிக்காரன் எனக்கு ஒண்டும் வரேல்லை எண்டுறான். இறால் பழுதாப் போச்சு. தலைவர் என்ன சொல்லுறார் தெரியுமே? உந்தக் கோதாரிப் பக்கத்தைக் கழட்டி எறியட்டாம். அடுத்த திங்கள் பின்னேரக் கூட்டத்திலை தீர்மானம் கொண்டு வரப்போறாராம். பேந்து சாமத்திலை எழும்பிப் போன் தூக்கிறது ஆர்? அவரோ? நானல்லோ!”

தலைவர் நல்ல மனிதர். பெரிய வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி. அந்தப் பக்கத்தை ஒருநாளும் தொட்டதில்லை. அவர் மட்டும் இன்னமும் மச்சாளுக்குப் போன் எடுத்துத்தான் ஐஸ் சொல்வார். மூன்று வருடத்து நித்திரை முழுமையாகக் கிடைக்காமல் போனது அவர் ஒருவரால்தான் என்று மச்சாள் எல்லா ஞாயிறும் பூசை முடிந்து வருகிற வழியில் அவருக்கே சொல்வதுண்டு.

அன்றைக்குப் பின்னேரமே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காகத்தானே இருக்கும். நான் அதைக் கட்டிய காலத்தில் பரீட்சித்துப் பார்த்ததும் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகுதான். ஒரு மணித்தியாலம் தலையைச் சொறிந்த பிறகு பிழை பிடிபட்டது. பிழை என்னுடையதல்ல, சட்டகத்துடையது. அதாவது, அதுவும் என்னுடையதுதான்.

‘இன்று’ எது என்று கேட்டால் எங்கள் சட்டகம் உலகப் பொது நேரத்தைப் பார்த்துச் சொல்கிறது. எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே நடுச்சாமத்திலிருந்து விடியற்புறம் ஐந்தரை வரை கொழும்புத்துறையில் இன்று. சட்டகத்துக்கு இன்னும் நேற்று. அந்த நேரத்தில் ‘இன்று’ என்று அமத்தினால் ஐஸ் நேற்றைய பட்டியலில் போய் விழும். நேற்றைய பட்டியலை எந்த லொறிக்காரன் பார்ப்பான்? ஜேர்மனியில் இந்த இடைவெளி ஒன்றிரண்டு மணித்தியாலம்தான். நடுச்சாமம் தாண்டி அந்த நேரத்தில் அங்கே ஐஸ் கேட்பவருக்கு அன்றைக்கு என்ன திகதி என்ற கவலை இருக்காது. பிரேசிலில் விஷயம் மற்றப்பக்கம்: இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே நாளை பிறந்துவிடும். யாரோ ஒரு சாப்பாட்டுக்கடைக்காரரின் மேசைப் பதிவுகள் குழம்பி, பிரேசில் தங்கச்சி இந்தப் பிழையைப் புதிய பதிப்பில் ஏற்கெனவே திருத்தியிருந்தாள். பழைய பதிப்புக்கும் கொண்டுவருவமோ என்று அப்போது கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

சங்கத்தின் பக்கத்தில் மட்டும் ஒரு வரியை மாற்றியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு வீட்டு ஒழுக்குக்கு ஊர் முழுக்க ஓடு மாற்றப் புறப்படுவதுதானே படித்தவன் செய்கிற காரியம். சட்டகத்திலேயே பிழை இருக்க, மச்சாளின் பக்கத்தில் ஒட்டுப்போடுவதா? என் மானம் என்னாவது? திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவெடுத்து மற்ற இருவரையும் இணையக் கூட்டத்துக்கு அழைத்தேன்.

அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். ஆனால் என் மனதில் அது எங்கள் பாஷையாகத்தான் விழும், அப்படியே தருகிறேன்.

“நீர்தானே தம்பி உந்தச் சட்டத்தை எழுதினது?” என்றார் ஜேர்மன் அண்ணை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. “ஓட்டை இல்லை, தரவு அழியேல்லை, பக்கம் விழேல்லை. பிறகென்ன?”

“இறால் அழுகுது” என்றேன்.

“இறாலைப் பற்றிச் சட்டத்திலை ஒண்டும் இல்லையே.”

“ஓடர் போட்ட ஐஸ் தவறான நாளுக்குப் போகுது. அது தரவு அழியிறதுதான். ஐஸ் உருகிற தரவு.”

பிரேசில் தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கமராவுக்கு வெளியே போய்விட்டாள். இத்தனை வருடமும் நான் ஒன்றுக்காவது ‘ஓம்’ சொல்ல வாதாடியதை அவர்கள் கண்டதில்லை. அவர்களுக்கு அது ஊமை வாய் திறந்தமாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் பேசினேன். தவறான நாள், தவறான தரவு, தவறான தரவு அழிந்த தரவுக்குச் சமம் என்று தர்க்கத்தைப் படிப்படியாகக் கட்டினேன். எனக்கே அந்தத் தர்க்கத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் ஜேர்மன் அண்ணை, “சரி, கொண்டு வாரும். ஆனால் உம்மடை பொறுப்பு” என்றார். திருத்தத்தை வெட்டித் தைத்து, பரீட்சித்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராக வைத்தேன். வென்றவன் நடையோடு சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“உங்களுக்கு ஓம் சொல்லவும் தெரியுமே?” என்றாள் அவள். “அப்ப அந்தக் குசினிக்குப் பின்பக்கம் ஒரு சாய்ப்புக் கூரை இறக்கிற கதையையும் கையோடை முடிப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைக்குப் போனோம். அங்கே சனி இரவு ஒரு வள்ளமும் இறங்காது. ஞாயிறு கோயிலும் குடும்பமும் சாப்பாடும்தான். மச்சாள் வீட்டு மேசையில் நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை எல்லாம் இருந்தன. நல்ல செய்தியை வெறுவயிற்றில் சொல்லக்கூடாது என்று இரண்டாம் முறை சோறு போட்ட பிறகுதான் தொண்டையைச் செருமினேன்.

“மச்சாள், பிழையைக் கண்டுபிடிச்சிட்டன். சாமத்திலை ‘இன்று’ எண்டு அமத்தினா அது நேற்று எண்டு விளங்குது. திருத்தியாச்சு. வாற கிழமையிலிருந்து ‘இன்று’ எண்டா இன்றுதான்.”

மச்சாள் நண்டுக்காலை வாயிலிருந்து எடுத்தா.

“தம்பி, அது எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“சாமத்திலை அமத்தினா ஒரு நாள் பின்னுக்குப் போகும் எண்டு. முதல் மாதமே பிடிச்சிட்டன். அதுதான் எல்லாருக்கும் ‘நாளை’ எண்டதை அமத்தச் சொல்லிக் குடுத்தனான். ‘நாளை’ எண்டு அமத்தினா இண்டைக்கு ஐஸ் வரும். மூண்டு வருசமா அப்பிடித்தான் நடக்குது. புதுசா வந்த பொடியளுக்குச் சொல்ல மறந்துபோனன், அதுதான் அவங்களுக்குப் பிழைச்சது.”

சோற்றுக் கையோடு விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. என்னுடைய திருத்தம் அந்த நாலைந்து பொடியன்மாருக்கு ஐஸ் கொடுக்கும். மற்ற அத்தனை வள்ளக்காரருக்கும் ஐஸை நாளைக்குத் தள்ளிவிடும். அதுவும் கூட்டம் நடக்கும் அதே கிழமையில்.

“என்னட்டை ஏன் மச்சாள் முதலே சொல்லேல்லை?”

“நீர் அதை வேணுமெண்டு செய்திருக்கிறீர் எண்டு நினைச்சன். படிச்ச ஆக்கள் எதையும் நேராச் செய்யிறேல்லையே.” பிறகு குரலைத் தாழ்த்தி, அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி, “தம்பி, உந்தத் திருத்தத்தைப் போட்டீரெண்டா திங்கள் விடிய அவ்வளவு பேரும் ஐஸில்லாமல் கரையிலை நிப்பாங்கள். தலைவருக்குத் தீர்மானமும் தேவையில்லை, கைதட்டே போதும். பேந்து நான் திரும்பவும் சாமத்திலை போன் தூக்கோணும். நான் தூக்கமாட்டன். செயலாளர் வேலையை விட்டிட்டு வந்து உங்கடை வீட்டிலை இருப்பன்” என்றா.

கடைசி வசனத்தைக் கேட்டதும் நான் கறிக்கோப்பையைத் தள்ளி வைத்தேன். என் மனைவி மாத்திரம், “வாங்கோ அக்கா, சாய்ப்பு இறக்கப்போறம்” என்றாள்.

உடனே, அந்த மேசையில் இருந்தபடியே, மற்ற இருவருக்கும் செய்தி அனுப்பினேன். நான் போராடி வென்ற திருத்தத்தை வெளியிட வேண்டாம், அவசரமாகப் பேசவேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை என்று பாராமலும், பிரேசிலில் இன்னும் விடியவில்லை என்று பாராமலும் இரண்டுபேரும் வந்துவிட்டார்கள். என்னுடைய அவமானத்தைப் பார்க்கும் ஆவலாகவும் இருக்கலாம். மடிக்கணினியை நண்டுக்கோதுகளுக்கு நடுவே வைத்தேன். மச்சாளும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் குந்தினா.

நான் நடந்ததைச் சொன்னேன். ஜேர்மன் அண்ணை சிரிக்கவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்தார்.

“இது உங்கடை ஊரிலை மட்டும் எண்டு நினைக்கிறீரோ? பிழையோடை வாழப் பழகின சனம் எங்கையெல்லாம் இருக்கும்? பழைய பதிப்பிலை இருக்கிற ஒவ்வொரு இடத்திலையும் ஒரு மச்சாள் இருப்பா. அவ சொல்லிக் குடுத்திருப்பா. நாங்கள் சரி எண்டு நினைச்சுத் திருத்தினா அவ்வளவு பேருக்கும் பிழைக்கும். அதுக்குத்தானே நீர் அந்தச் சட்டத்தை எழுதினனீர்?”

நான் எழுதிய சட்டத்துக்கு இப்படியொரு காரணம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எழுதியபோது எனக்கு வேலை குறையும் என்ற ஒரே காரணம்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்வானேன்? ஆழ்ந்து தலையாட்டினேன்.

“அப்ப பழசும் புதுசும் இரண்டும் வேலை செய்யிறமாதிரி ஒரு தெரிவு வைப்பம்” என்றாள் பிரேசில் தங்கச்சி. “பழைய பழக்கம் வேணுமெண்டா பழையது, சரியானது வேணுமெண்டா சரியானது. சின்ன விஷயம்தான்.”

“இல்லை” என்றோம் நானும் ஜேர்மன் அண்ணையும் ஒரே குரலில். பழைய பதிப்புக்குப் புதிய வசதி கிடையாது. நான் எதை இழந்தாலும் அதை இழப்பதாயில்லை.

இதற்குள் மச்சாள் பொறுமை இழந்துவிட்டா. “என்னவாம் உவை? என்ரை ஐஸுக்கு என்ன முடிவாம்? இந்த மேசையிலை இருந்து எழும்பமுதல் ஒரு முடிவு சொல்லச் சொல்லும்.”

பிரேசில் தங்கச்சி திரைக்குக் கிட்ட வந்தாள். “மேசா? அவ மேசா எண்டு சொன்னவவோ? எங்கடை போர்த்துக்கேய மொழியிலும் அது மேசாதான்!”

நான் மொழிபெயர்த்தேன். மச்சாளுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. இருந்த கதிரையைத் தட்டிக் காட்டி “கதிரை” என்றா. அங்கே அவள் தன்னுடையதைத் தட்டி “கதேய்ரா” என்றாள். மச்சாள் வாசற்படிக்குப் போய் ஒரு சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் பிடித்தா. அங்கேயும் ஒரு சப்பாத்து உயர்ந்தது. அலுமாரி, பாண் என்று நானூறு வருடத்துக்கு முன்னர் கப்பலேறி வந்தவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு வந்தன. சட்டகத்தின் எதிர்காலம் ஒரு சோடிச் சப்பாத்துக்குப் பின்னால் காத்திருந்தது. ஜேர்மன் அண்ணை இருபக்கமும் பார்த்துவிட்டு, தன்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லாத மனிதரின் துக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டார்.

“ஒண்டு கேக்கட்டே? உண்மையிலேயே நாளைக்கு ஐஸ் வேணுமெண்டு ஆராவது அந்த ‘நாளை’யை அமத்தினவையோ?”

நான் மச்சாளிடம் கேட்டேன்.

“நாளைக்கோ?” மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்குக் களப்பிலை என்ன படும் எண்டு அந்தோனியாருக்கே தெரியாது. வலையைப் பாத்துத்தானே ஐஸ் கேக்கிறது? ஒருத்தனும் கேக்கேல்லை. உம்மடை பக்கத்திலை நாளைத் தெரிவுசெய்யச் சொல்லி ஏன் இருக்குது எண்டு எல்லாரும் கேக்கிறவை. எனக்கும் தெரியாது. நான் கேட்டது ஐஸ் மட்டும்தான்.”

மொழிபெயர்க்கும்போது என் குரல் கொஞ்சம் மெலிந்திருக்கவேண்டும். ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ‘இன்று’, ‘நாளை’, ‘நாளை மறுநாள்’ என்று மூன்று பொத்தான்களை வைத்தவன் நான். ஒருவரும் கேட்கவில்லை. அழகாக இருக்குமே என்று வைத்தேன். உலகமெல்லாம் வந்து கேட்ட வசதிகளை மறுத்துப் பெயரெடுத்தவன், ஒருவரும் கேளாத வசதியொன்றைத் தன் சொந்த மச்சாளுக்குச் செய்து கொடுத்து, அவவை மூன்று வருடம் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறேன்.

“அப்ப எல்லாப் பொத்தானையும் எடுத்துவிடும்” என்றார் ஜேர்மன் அண்ணை. “எந்த நாள் எண்டு கேக்கவே வேண்டாம். அமத்தின உடனை வாற லொறியிலை ஐஸ். அவ்வளவுதான்.”

பிரேசில் தங்கச்சி கைதட்டினாள். மச்சாள் விளங்காமலே கைதட்டினா.

பழைய பதிப்பு தொடப்படாமல் அப்படியே இருப்பதென்று மூன்றுபேரும் முடிவெடுத்தோம். சரியான திருத்தம் புதிய பதிப்பில் மட்டும். இப்படியொரு கோணல் இருக்கிறது, பழகியவர்கள் தொடர்ந்து பழகலாம், புதிதாக வருகிறவர்கள் கவனம் என்று குறிப்பில் ஒரு பந்தி எழுதுவதாக ஜேர்மன் அண்ணை சொன்னார். நான் வாதாடிக் கொண்டுவந்த திருத்தத்தை நானே மறுத்து எழுதினேன். நன்றி சொல்லி, மரியாதையாக, ‘இல்லை’ என்று. எனக்கே நான் எழுதிய மறுப்புக் கடிதம் மிக நன்றாக இருந்தது.

அன்று பின்னேரமே, மச்சாளின் வீட்டில் இருந்தபடி, சங்கத்தின் பக்கத்திலிருந்து நாள் பொத்தான்கள் மூன்றையும் எடுத்தேன். எத்தனை கட்டி என்று ஒரு கட்டமும், ‘ஐஸ் வேணும்’ என்று ஒரே ஒரு பொத்தானும் மிஞ்சின. மச்சாள் திண்ணமாகச் சொன்னா: “வேண்டும் எண்டு எழுதாதையும். வேணும் எண்டு எழுதும். களப்புக்கு நடுவிலை ஆர் இலக்கணம் பாக்கிறது?”

அன்றைக்குப் பொழுதுபடவே வள்ளங்கள் இறங்கின. பழைய ஆட்கள் ‘நாளை’யைத் தேடுவார்கள், காணாவிட்டால் திட்டுவார்கள், பிறகு இருக்கிறதை அமத்துவார்கள் என்பது மச்சாளின் கணக்கு. கை எங்கே போனாலும் அமத்த ஒரு பொத்தான்தான் இருக்கிறது; பிழைவிட இடமில்லை. ஆனால் அவவுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. அந்தப் பக்கம் வேலை செய்யாது என்பதை எல்லோருக்கும் முன்னால் ஒருதரம் காட்டிவிட்டுத்தான் மறுநாள் பின்னேரம் தீர்மானம் கொண்டுவருவது என்று தலைவர் முடிவுகட்டியிருக்கிறார். தன் வள்ளத்து ஆட்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதன்முறையாகத் தன் கையாலேயே ஐஸுக்கு அமத்தியிருக்கிறார்.

திங்கள் விடிய நான் மோட்டார் சைக்கிளில் கரைக்குப் போனபோது வெளிச்சம் வந்திருந்தது. வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. பொடியன்மார் மீனை ஐஸில் வைக்கும் றெஜிபோம் பெட்டிகளை வரிசையாக அடுக்கினார்கள். மச்சாள் ஒரு கையில் போனும் மறுகையில் பாணுமாக நின்றா. சாப்பிடவில்லை; பிடித்துக்கொண்டு மட்டும் நின்றா. லொறியின் சத்தம் கேட்டதும் அந்தப் பாணை என் கையில் திணித்துவிட்டுப் போனா.

லொறி வந்தது. பின்னால் இன்னொரு லொறியும் வந்தது.

முதல் லொறியில் எல்லோருக்குமான ஐஸ் சரியாக இருந்தது. புதுப்பொடியன்மாருக்கும் பழைய ஆட்களுக்கும் வித்தியாசமில்லாமல் கட்டிகள் இறங்கின. மச்சாள் ஒவ்வொரு வள்ளத்துக்கும் போய், “வந்ததே? சரியே?” என்று கேட்டா. “வந்தது அக்கா, ஆனா நாளையை எங்கை ஒளிச்சனீங்கள்?” என்றான் ஒருவன். “நீ கலியாணம் கட்டின அண்டைக்கே உன்ரை நாளை முடிஞ்சுது, இறக்கடா ஐஸை” என்றா மச்சாள்.

“இரண்டாவது லொறி ஆருக்கு?” என்று கேட்டேன்.

லொறிக்காரர் போனைப் பார்த்து, “முழுக்கத் தலைவற்றை பேரிலை” என்றார்.

தலைவர் அப்போதுதான் வள்ளத்திலிருந்து இறங்கினார். களப்புக்கு நடுவில் சிக்னல் மெல்லத்தான் வரும். அமத்தியதும் திரையில் ஒன்றும் அசையவில்லை என்று திரும்ப அமத்தியிருக்கிறார். அதற்கும் அசையவில்லை. “பாத்தீங்களே? நான் சொன்னனான்” என்று சாட்சிகளுக்குக் காட்டிக் காட்டி, கை ஓயும்வரை அமத்தியிருக்கிறார். ஒவ்வொரு அமத்தலும் சிக்னல் கிடைத்தவுடன் ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வள்ளத்து ஆட்கள் முதலில் சிரித்தார்கள். சாட்சிகள் அல்லவா. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. தலைவர் வாயைத் திறந்தார். பக்கம் வேலை செய்யவில்லை என்று சொல்ல வழியில்லை. லொறி நிறைய வேலை செய்திருந்தது. மூடினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியில் குந்திவிட்டார்.

உருகுகிற சரக்கை எந்த லொறிக்காரன் திருப்பிக் கொண்டுபோவான்? “எடுங்கோ, எல்லாரும் எடுங்கோ” என்றார் தலைவர், விருந்து வைக்கிறவர்போலக் கையை விரித்து. வாளி, சட்டி, குழந்தை குளிக்கிற பேசன் என்று கைக்குக் கிடைத்ததோடு தெருவே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் ஐஸ் துண்டுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் ஒருவர் பெரிய அண்டாவில் சர்பத் கரைத்தார். பத்துமணி வெய்யிலுக்கு முன்னமே கொழும்புத்துறையில் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. நானும் இரண்டு குவளை குடித்தேன். உலகப் பொது நேரத்தில் அது இன்னும் விடியாத பொழுது. அங்கே யாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கமாட்டார்கள்.

பின்னேரம் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். பக்கம் கட்டியவன் என்ற முறையில் என்னைப் பின் வரிசை வாங்கில் இருத்தியிருந்தார்கள். தீர்மானம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். தலைவர் எழும்பி, கரகரத்த தொண்டையைச் செருமினார்.

“பக்கம் இருக்கட்டும். அது சொன்னதைச் செய்யுது. கொஞ்சம் கூடவே செய்யுது” என்றார். பிறகு மச்சாளின் பக்கம் திரும்பினார். “ஆனா பிள்ளை, நான் இனி உந்தப் பொத்தானை அமத்தமாட்டன். நான் வழமைபோல உனக்குக் கோல் எடுப்பன். நீ எனக்காக அமத்திவிடு.”

மச்சாள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அவரைப் பார்த்தா.

“சரி அண்ணை” என்றா. “ஆனா வலையைப் பாக்கமுதலே, பொழுதுபட முன்னம் எடுங்கோ. சாமத்திலை என்ரை போன் நித்திரை.”